அவர் எண்ணில் அவள் ரத்தம்

சுரங்கத்தில் அவரை எல்லாரும் செவலை என்றுதான் கூப்பிட்டார்கள். கன்னமும் மூக்கும் காது மடலும் எப்போதும் ரத்தம் கட்டிய சிவப்பு. உதடு மட்டும் கத்தரிக்காய் நிறம். பதினைந்தாயிரம் அடி உயரத்தில் பதினெட்டு வருஷம் வெல்டிங் செய்தவர். புதிதாக வந்தவர்கள் தலைவலி தாங்காமல் வாந்தியெடுத்தால், கட்டில் பக்கத்தில் நின்று சிரிப்பார். "காத்து கம்மியா இருந்தா கம்மியா மூச்சு விடுங்கப்பா. இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா?" ஒரு லாரி டிரைவருக்கு நுரையீரலில் நீர் கோத்து ஜீப்பில் கீழே கொண்டுபோனபோது கைதட்டி வழியனுப்பினார். பாதி வழியிலேயே டிரைவர் இறந்துபோன செய்தி வந்தது. "மலைக்கு ஆள் பாக்கத் தெரியும்" என்றார்.

அவர் மனைவி சுரங்க ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தாள். தரை துடைப்பாள், ரத்தப் பரிசோதனை நாட்களில் கண்ணாடிக் குழாய்களில் எண் ஒட்டி மெஷின் அறைக்குக் கொண்டுபோவாள். ஊசி குத்துகிறவர் ஊசியோடு சரி, மற்றதை இவள் தலையில் கட்டிவிடுவார்.

ஒரு பரிசோதனையில் செவலைக்கு ஹீமோகுளோபின் இருபத்திரண்டு வந்தது. கம்பெனியின் வரம்பு இருபது. டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"மேல காத்துல ஆக்சிஜன் கம்மி. அதை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுவைப் பெருக்கிக்கிட்டே போகுது. உங்க உடம்புக்கு எங்க நிறுத்தணும்னு தெரியல. ரத்தம் பாகு மாதிரி ஆயிடுச்சு. அதைத் தள்ளித் தள்ளி இதயம் வீங்கும். எங்கயாவது உறைஞ்சு அடைச்சுதுன்னா ஆள் காலி. கீழ போனா ரெண்டே மாசத்துல தன்னால இறங்கிடும். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா நானே அனுப்பிடுவேன்."

செவலை வீட்டுக்கு வந்து பூட்ஸைச் சுவரில் எறிந்தார். கீழே போவதா? யாரைப் பார்த்தெல்லாம் சிரித்தாரோ, அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

"போயிடலாங்க. காதுல இரைச்சல்னு நீங்கதானே சொல்றீங்க. காலைல தலையைத் தூக்க முடியல உங்களால" என்றாள் அவள்.

"உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

"பதினாறு."

அவர் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "அதுல ஒரு குழாய் எனக்குக் குடு. எண் ஒட்டுறது நீதானே?"

அவள் மாட்டேன் என்றாள். மூன்று வாரம் அவர் அவளோடு பேசவில்லை. அவள் போட்ட சாப்பாட்டைத் தொடாமல் கான்டீனில் போய்ச் சாப்பிட்டார். அங்கே எல்லார் காதிலும் விழும்படி, "கட்டினவ நம்மளத் தள்ளிவிடத்தான் பாக்குறா" என்றார். ஒருநாள் அவள் மணிக்கட்டைத் திருகிக்கொண்டே கேட்டார்: "ரெண்டு சொட்டு ரத்தம்டி. குறைஞ்சா போயிடுவ?"

அடுத்த பரிசோதனை நாளில் அவள் ஊசி குத்துகிறவரிடம் போய், "அண்ணே, என் குழாய் கைதவறி உடைஞ்சுபோச்சு" என்றாள். அவர் சலித்துக்கொண்டே மறுபடி எடுத்தார். உடையாத அந்த முதல் குழாயில் கணவனின் எண்ணை ஒட்டினாள். அவருடைய ரத்தத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். அது தண்ணீரில் சட்டென்று கரையாமல் திட்டாகத் தங்கியது. விரலால் தேய்த்துத்தான் விட வேண்டியிருந்தது.

பதினாறு என்று வந்தது. செவலை கான்டீனில் அந்தத் தாளை மேசை மேசையாகக் காட்டினார். ஆறு மாதம் கழித்து இன்னொருமுறை. அப்போது குழாயில் ரத்தம் உறைந்துவிட்டதென்று சொன்னாள்.

அதற்கடுத்த மாதம், பட்டறையில் இரும்புத் தகட்டை ஒட்டிக்கொண்டிருந்தபோது அவர் வலது கை துவண்டது. வெல்டிங் முனை தொடையில் விழுந்து துணியையும் சதையையும் எரித்தது. அவருக்கு வலிக்கவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் மற்றவர்கள் ஓடிவந்தார்கள்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்து மூன்று என்றார்கள். மூளையில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று.

ஒரு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து தாள்களைப் புரட்டினார்.

"கடைசி ரெண்டு தடவையும் பதினாறு. ஒரே மாசத்துல இவ்வளவு ஏறாது. அப்ப உயரத்தால வந்த நோய் இல்ல, சொந்த நோய். கம்பெனி பொறுப்பில்ல." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இல்ல, அது வேற ரத்தம்னா சொல்லிடுங்க. யாரோடது?"

அவள் தலைகுனிந்து நின்றாள். சொன்னால் இருவர் வேலையும் போகும்; சொல்லாவிட்டால் அவர் வேலை மட்டும் போகும். தன் வேலை இருக்கும்வரை கம்பெனி குவார்ட்டர்ஸாவது மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

செவலையின் இடது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. ஒரு விரலை நீட்டி அவளைக் காட்டினார். அதிகாரி எழுதிக்கொள்ளும்வரை அந்த விரலை மடக்கவில்லை.

மோசடி என்று இருவரையும் நீக்கினார்கள். கீழேயுள்ள நகரத்தில் மூன்றாவது மாடியில் ஓர் அறை எடுத்தாள். பகலில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைத்தாள். வேலைக்கு நடுவே ஓடிவந்து அவரைத் திருப்பிப்போட்டு, துடைத்து, ஊட்டிவிட்டு, மறுபடி ஓடினாள். கஞ்சி சூடாக இருந்தால் அவள் முகத்திலேயே துப்பினார். துடைத்துக்கொண்டு அடுத்த கரண்டியை ஊதினாள்.

மூன்றாம் மாதம் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் தாளைப் பார்த்து மலர்ந்தார்.

"பதினஞ்சு! ரத்தம் நல்லாத் தண்ணியா ஓடுது. முகமும் தெளிஞ்சிடுச்சு பாருங்க. இதயத்து வீக்கமும் வத்திடுச்சு. இனிமே பயமில்லம்மா."

"எவ்வளவு நாள் இருப்பாரு, டாக்டர்?"

கவலையில் கேட்கிறாள் என்று நினைத்து, அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். "நீங்க பாத்துக்கிற பக்குவத்துக்கு, இருபது வருஷம்கூட இருப்பாரு."

அவள் ரொம்ப நன்றி என்றாள். ஆஸ்பத்திரிச் சக்கர நாற்காலியின் பிரேக்கை விடுவித்து, அவரைத் தள்ளிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தாள். வரும்போது ஓடிய லிஃப்ட் இப்போது ஓடவில்லை. நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு, குனிந்து அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள்.