எண்ணெய் மணல் வட்டம்

சலித்த மணலின் நடுவே பள்ளம் பறித்து, அதில் எரிந்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, இரண்டு கைகள் பிசைந்துகொண்டிருந்தன. எண்ணெய் கூடினால் மணல் கட்டிக்கொள்ளும். பந்து சேற்றில் விழுந்த மாதிரி நின்றுவிடும். குறைந்தால் காற்று மணலை முந்திரிக் காட்டுக்கு வாரிக்கொண்டு போகும். ஒரு பிடி எடுத்து இறுக்கித் திறந்தால் உருண்டை நிற்க வேண்டும். விரல் பட்டதும் உதிர வேண்டும். அந்தப் பதம் வரும்வரை கைகள் ஓயவில்லை.

கலியனின் கைகள் அவை. நெய்வேலியில் குடியிருப்பு பிளாக்குகள் இன்னும் எட்டாத செம்மண் மேட்டில் ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் இருந்தது. சீமையில் குழியைச் சுற்றிப் புல் வளர்ப்பார்களாம். இங்கே வெயிலில் அந்தப் புல் பிழைக்காது. அதனால் கராஜில் வடித்துக் கொட்டும் எண்ணெயை மணலில் கலந்து வட்டம் போட்டார்கள். பிரவுன் என்று அதற்குப் பெயர். ஒன்பது பிரவுனும் கலியன் போட்டவை. யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் நாற்பது பேர் ஆடினார்கள், பெரும்பாலும் இயந்திரம் பூட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர்கள். பூட்டி முடித்ததும் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். அறுபத்தாறில் உறுப்பினர் பட்டியலில் மிஞ்சியது பதினோரு பேர். நம் அதிகாரிகளுக்குச் சீட்டுக்கட்டும் பாட்மிண்டனும் போதுமாக இருந்தன. புதுப் பந்து இறக்குமதியாவதும் நின்றுபோனது. துரைமார் தொலைத்த பந்துகளை முந்திரிச் சருகில் தேடியெடுத்துத்தான் ஆட்டம் நடந்தது.

கிளப் செயலாளர் சிங்காரவேல் ஒருநாள் கலியனைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை போட்டி வைக்கிறோம் கலியா. ஸ்டோர்ஸ் ஆபீசர் சங்கரலிங்கம் வர்றார். அவர் சேர்ந்தா அவர் ஆபீசே பின்னால வரும். இருபத்தஞ்சு பேர் சேர்ந்துட்டா மைதானம் நிலைக்கும், உன்னை பெர்மனென்ட் ஆக்கிடலாம். கமிட்டி ஒத்துக்கிச்சு."

பெர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ். ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போனதிலிருந்து ஏழு வருடமாகக் கீற்றுக் கொட்டகையில் கிடந்த கலியனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அந்த மைதானத்தில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. துரைமாருக்குத் தமிழ் தெரியாது. அதனால் அவர்கள் மட்டையை ஓங்கும்போதெல்லாம் புல் வெட்டும் பெண்களும் பந்து பொறுக்குகிறவர்களும் வாய்க்கு வந்ததைச் சத்தமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். துரைமார் அதைப் பாராட்டென்று நினைத்துத் தொப்பியைத் தூக்குவார்கள். வெயிலில் குனிந்த முதுகுகளுக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு. அதில் கலியனை மிஞ்ச ஆளில்லை.

ஆகவே சனிக்கிழமை சாயங்காலமே எல்லோரையும் உட்காரவைத்து மிரட்டினான்.

"நாளைக்கு வர்றவங்க நம்ம பாஷக்காரங்க. எவளாவது பல்லக் காட்டினீங்க, அவ்வளவுதான்."

"நாங்க வாயில துணிய வச்சிக்கினு நிக்கிறோம்" என்றாள் அவன் பெண்டாட்டி சாமியம்மாள். "ஒன் வாய்க்கு யாருய்யா காவலு?"

எல்லோரும் சிரித்தார்கள். கலியனும் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை சங்கரலிங்கம் வெள்ளைக் கால்சட்டையில் வந்தார். அவருடைய ஆபீஸ்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடவே வந்து வரிசையாக நின்றார்கள். அவர் முதல் வீச்சு வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது வீச்சுக்கு மண் பறந்தது. பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். மூன்றாவது முறை மட்டை பந்துக்கு மேலே காற்றை அறுத்துக்கொண்டு போனது.

"பந்துக்கு வேர்க்குதுன்னு விசிறிவுட்டுக்கினு நிக்கிறாரு" என்றது ஒரு குரல்.

அது தன் குரல் என்று கலியனுக்குத் தெரிவதற்குள் சாமியம்மாள் வெடித்துச் சிரித்துவிட்டாள். மற்ற பெண்களும் சிரித்தார்கள். ஆபீஸ்காரர்களில் ஒருவன் கைக்குட்டையால் வாயைப் பொத்தினான்.

சங்கரலிங்கம் கோபப்படவில்லை. மட்டையைப் பையில் வைத்தார். "நல்ல ஆளுங்களா வச்சிருக்கீங்க சார்" என்று சிங்காரவேலிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். வரிசையாக வந்தவர்கள் வரிசையாகவே போனார்கள்.

மறுநாள் கலியன் அவர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்றான். "மன்னிச்சுடுங்கய்யா, பழக்க தோசமுங்க" என்று சொல்ல எண்ணியிருந்தான். காவல்காரன் உள்ளே போய்வந்து, "அய்யா யாரையும் பாக்கலியாம்" என்றான்.

பட்டியல் பதினொன்றிலேயே நின்றது. மூன்று மாதம் கழித்து, புதிய பிளாக்குக்கு அந்த மேடு ஒதுக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது.

"எதையும் நல்ல நிலையில ஒப்படைக்கணும்னு விதி" என்றார் சிங்காரவேல், அவன் முகத்தைப் பார்க்காமல். "ஒன்பது பிரவுனையும் சரிபண்ணிடு."

"நாளைக்கு கடக்கால் தோண்டுற எடத்துக்குங்களா?"

"விதி கலியா."

"வேற வேலை எதுனா..."

"போட்டிக்கு முந்தி கேட்டிருந்தா எழுதிக் குடுத்திருப்பேன். இப்ப உன் பேரை எங்க சொன்னாலும் அந்த விசிறிக் கதையத்தான் சொல்லிச் சிரிக்கிறானுங்க."

கலியன் ஒன்பதையும் சரிசெய்தான். வேண்டாவெறுப்பாகச் செய்ய அவனுக்கு வரவில்லை. பழைய மணலை அள்ளிச் சலித்து, புதிதாக எண்ணெய் விட்டுப் பிசைந்து, உருளை ஓட்டி, கடைசியில் சாக்கை இழுத்துக்கொண்டு பின்னோக்கியே நடந்து தன் காலடித் தடத்தையும் அழித்தான்.

கட்டடப் பிரிவு ஓவர்சியர் அய்யாசாமி பதிவேட்டோடு வந்தார். பூட்ஸ் காலோடு தடம் பதியப் பதிய வட்டத்தின் நடுவுக்குப் போய், குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்குதுங்களா?" என்றான் கலியன்.

"இருக்கு, இருக்கு" என்றவர் அங்கேயே நின்றபடி, ஒன்பதும் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டன என்று எழுதி, ஒப்படைத்தவன் ரேகைக்காக அவன் பெருவிரலுக்கு மைப்பெட்டியை நீட்டினார்.