துளைக்குள் தெரிந்த குரங்கு

தென்மராட்சியில் எங்கள் தென்னங்காணியும் மனைவியின் அண்ணனுடைய காணியும் ஒரே வேலியால் பிரிகின்றன. அந்த மனிதரை எனக்குத் தொடக்கத்திலிருந்தே பிடிக்காது. குரங்குகள் குரும்பைகளைப் பிய்த்தெறியத் தொடங்கியபோது இருவரும் சேர்ந்து, காற்றழுத்தத்தால் ஈயக்குண்டு சுடும் எயார் ரைபிள் ஒன்று வாங்கினோம். நாங்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

ஐம்பது தாண்டிய என் கண்ணுக்கு குறிபார்க்கும் ரைபிளின் பின்குறி மங்கிப்போனது. அதைக் கழற்றிவிட்டு பீப் சைட் பூட்டினேன். கண்ணருகே நிற்கும் வட்டத் தகடு அது; அதன் நடுவில் சிறு துளையுள்ள வில்லையொன்று திருகப்பட்டிருக்கும். துளை வழியாகப் பார்த்து, குழல் நுனியிலுள்ள முன்குறியை மட்டும் இலக்கில் வைத்தால் போதும். நல்ல வெயிலில் வரிசையாக வைத்த தேங்காய்ச் சிரட்டைகளை ஒன்றுவிடாமல் அடித்தேன். மச்சான் வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்தார்.

"வெயிலுக்கை சிரட்டை அடிக்கிறது பெரிய வேலையே? விடியக்காலமை மரத்துக்குக் கீழை உந்த ஓட்டைக்குள்ளாலை ஒண்டும் தெரியாது. உள்ளுக்கிருக்கிற வில்லையைக் கழட்டிப்போட்டுப் பாரும். ஓட்டை பெரிசாகும், சுத்திவரவும் தெரியும்."

"உம்மடை வேலையைப் பாரும்" என்றேன்.

அவர் சொன்னது சரியென்று அப்போதே தெரியும். அவர் சொன்னார் என்பதற்காகவே வில்லையைக் கழற்றவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை, வேலியோரப் பலாவில் ஒரு கடுவன் குரங்கு இருந்தது. மற்றக் கண்ணை மூடிக்கொண்டு துளைக்குள் பார்த்தேன். இருட்டில் குரங்கின் முதுகு மட்டும் தெரிந்தது. அடித்தேன். குரங்கு பாய்ந்தோட, மரத்துக்குப் பின்னால் மச்சான் அலறினார். அவரும் அதைத் துரத்தத்தான் தடியோடு வந்திருக்கிறார். ஈயக்குண்டு அவர் மேல்கையில் இறங்கியிருந்தது.

"என்னைக் கொல்லத்தானே உந்த ஓட்டைத் தகட்டைப் பூட்டினனீர்?"

"காணேல்லை" என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. என் மோட்டார் சைக்கிளில் ஏற மறுத்து, இரத்தம் வடிய வடிய ஓட்டோவில் போனார்.

ஆஸ்பத்திரியில் பொலிஸ் விசாரித்தபோது, தவறுதலாகப் பட்டது, முறைப்பாடு இல்லை என்று சொல்லிவிட்டார். நன்றி சொல்லக் கட்டிலருகே போனேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உமக்காக இல்லை. என்ரை தங்கச்சிக்காகச் சொன்னனான். இனி என்ரை படலைக்குள்ளை கால் வையாதையும்."

ரைபிளைப் பொலிஸ் கொண்டுபோனது. புண் ஆறும்வரை மனைவி நாளும் போய் அவருக்குக் கட்டு மாற்றினாள். திரும்பி வந்து எனக்குச் சோற்றைப் போட்டுவைத்துவிட்டு, அடுப்படியில் தனியே இருந்து சாப்பிட்டாள்.