எழுந்து போக ஒரு வழி

பட்டாசு அக்கா வாயைத் திறந்தால் தையல் இயந்திரங்களின் சத்தமே அடங்கிவிடும். எங்கள் தொழிற்சாலையில் சட்டைக்குக் கை வைப்பது அவள் வேலை. நான் காலர் வைத்துக் கொடுப்பேன். அவள் கை வைத்ததும், நாங்கள் எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடும் மூத்தவர் மணிக்கட்டுப் பட்டி தைப்பார். நடுவில் ஒருத்தி எழுந்தால் மொத்த வரிசையும் நின்றுபோகும், சூப்பர்வைசர் வந்து கத்துவார். அதற்குப் பயந்தே அக்கா வேலை முடியும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள்.

அதனால் அடிக்கடி நீர்க்கடுப்பு, காய்ச்சல். மூன்றாவது முறை டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன்.

"மாத்திரை தர்றேன். ஆனா தண்ணி குடிக்காம, வந்தாலும் அடக்கிட்டு இருந்தா கிட்னி போயிடும்மா," என்றார்.

"குடிக்கறது கஷ்டமில்ல டாக்டர். குடிச்சிட்டு எழுந்து போறதுதான் கஷ்டம்."

டாக்டர் சிரித்தார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. கழிப்பறைக்குப் போக விடும் மாத்திரை எந்தக் கடையில் விற்கிறது?

மறுநாள் சாப்பாட்டு வேளையில் எங்களுக்குள் பேசி முடித்தோம். யார் எழுந்தாலும் பக்கத்தில் இருப்பவர் அவள் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அக்கா தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். முகத்தில் களை வந்தது.

எல்லாம் ஜோராகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அக்கா எழுந்து போன நேரத்தில் அவள் வேலையைப் பார்த்த பெரியம்மா, மும்முரமாகக் கதையளந்தபடி ஒரு சட்டைக்கு இரண்டுமே இடது கையாக வைத்துத் தொலைத்தார். சட்டை சூப்பர்வைசரிடம் சிக்கியது. சந்தேகப்பட்டு அவர் அதைத் தன் சட்டைக்கு மேலேயே மாட்டிப் பார்த்தார். தோள் முறுக்கிக்கொண்டது, கழற்றவும் வரவில்லை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. விஷயம் வெளியே வந்தால் அவள் பழையபடி அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"யார் பண்ண வேலை இது?"

பெரியம்மா பேசுவதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

"நான் பாத்ரூம் போயிருந்தேன் சார். எனக்காக இவங்க வச்சாங்க. அடக்கினா கிட்னி போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். சட்டைன்னா பிரிச்சுத் தச்சிடலாம். கிட்னியை என்ன பண்றது?"

இன்று தொலைந்தோம் என்று நினைத்தேன். அவரோ சட்டைக்குள் மாட்டிக்கொண்டபடியே குரலை இறக்கினார்.

"நான் மட்டும் என்னம்மா? காலையிலேர்ந்து அடக்கிட்டுத்தான் நிக்கறேன். இந்த இடத்தை விட்டு நகர்ந்தா மேனேஜர் என்னைக் கேப்பார்."

"அட, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா!" அக்கா சட்டையை அவர் மேலிருந்து உருவினாள். "போயிட்டு வாங்க சார். மேனேஜர் வந்தா நான் பேசிக்கறேன்."

மனிதர் கிட்டத்தட்ட ஓடினார். அன்றிலிருந்து எங்கள் ஏற்பாட்டில் அவரும் ஒருவர். அக்காவுக்குக் காய்ச்சல் திரும்பவில்லை. அவர் போய்வரும் நேரத்தில் வரிசையை அக்காதான் மேற்பார்வையிடுகிறாள், அவரைவிட அதிகமாகவே எங்களைத் திட்டுகிறாள்.