கிறிஸ்துமஸ் மரத்தடியில் சொல்லாத கதை

வசந்தாமணியிடம் "உன்னால் முடியாது" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு எதற்கு எம்.எஸ்சி. என்று கேட்ட அப்பாவின் வாயாலேயே பட்டமளிப்பு விழாவுக்கு ஊரை அழைக்க வைத்தவள் அவள். அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் எடிசன் நகருக்கு வந்த புதிதில் கணவன் வேலுமணியின் ஆபீஸ் நண்பர்கள் அவளை 'வாசி' என்று சுருக்கினார்கள். முழுப் பெயரைச் சொல்லும் வரைக்கும் காபி கிடையாது என்றுவிட்டாள். வேலைக்குப் போக விசா இடம் தராத ஒரு விஷயத்தில்தான் அவள் ஜம்பம் சாயவில்லை. அந்த எரிச்சல் அவளை விட்டுப் போகவும் இல்லை.

மகள் கயல் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். டீச்சர் நல்ல மாதிரி, மெத்தென்றுதான் பேசினார். குழந்தை கெட்டிக்காரி, ஆனால் வாய் திறக்கத் தயங்குகிறாள், வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். வேலுமணி தலையாட்டினான். அன்று சாயங்காலமே "கம் கயல், ஈட்" என்று தோசைக்குக் கூப்பிட்டான். அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கயல் அம்மாவைப் பார்த்தாள். வசந்தாமணி "சாப்புட வா கண்ணு" என்று தமிழிலேயே கூப்பிட்டாள்.

பெற்றோரே வீட்டில் வைத்துப் பாடம் நடத்த நியூ ஜெர்சியில் சட்டம் இடம் தருகிறது என்று அவள் நூலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். மறு வாரம் கயலைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். இளையவன் மகிழனை அந்தப் பக்கமே அனுப்பவில்லை. இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கப் போனால் தெரிந்தவர்கள் எல்லாம் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். "வீட்டுல சும்மாதான இருக்கேன், பொழுது போகோணுமல்ல" என்று சிரித்துக்கொண்டே வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பாள்.

தொண்ணூற்றொன்பது ஜனவரியில், பனி கொட்டிக் கிடந்த நாட்களில், நூலகத்தில் ஒஜிப்வே மக்களைப் பற்றிய புத்தகம் ஒன்று அவள் கையில் கிடைத்தது. வடக்கே பெரிய ஏரிகளின் கரையில் வாழ்கிற பூர்வகுடிகள். அவர்களுடைய பிள்ளைகளைப் பிடித்துப்போய் விடுதிப் பள்ளிகளில் அடைத்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள் என்று அதில் இருந்தது. "அடப் பாவிகளா!" என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று மேலும் மூன்று புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்த வருஷம் முழுக்க வீட்டில் ஒஜிப்வே பாடம்தான். ஏரிகளை வைத்துப் பூகோளம், பூர்ச்ச மரப் பட்டையில் படகு கட்டுவதை வைத்துக் கணக்கு. ஒருவர் படகைத் தள்ள, இன்னொருவர் குச்சியால் கதிரைத் தட்டி, ஏரியில் தானாக விளைகிற நெல்லைப் படகுக்குள்ளேயே உதிர்க்கிற அறுவடையைச் சோபாவில் உட்கார்ந்து பிள்ளைகள் நடித்துக் காட்டினார்கள். 'மனோமின்' என்கிற, கறுத்து நீண்ட அந்தக் காட்டரிசியை வாங்கிவந்து வசந்தாமணி பொங்கல் வைத்தாள். வேலுமணி தட்டைப் பார்த்துவிட்டு, "என்ன அம்மிணி, கொத்து ஊசியாட்டம் இருக்குது" என்றான். ஆனாலும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டான்.

ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒஜிப்வே மக்கள் தங்கள் பழங்கதைகளைத் தரையில் பனி கிடக்கும்போது மட்டும்தான் சொல்வார்கள். மார்ச் மாதம் பனி உருகியபோது மகிழன் ஒரு கதையின் பாதியில் இருந்தான். அழுது பார்த்தான். வசந்தாமணி புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். "அவங்க சொத்து கண்ணு அது. அவங்க எப்பச் சொல்லலாங்கறாங்களோ அப்பத்தான்" என்றாள். கயல் அதற்கப்புறம் அந்தத் தட்டின் பக்கமே கை வைக்கவில்லை.

வேலுமணியின் பெரியப்பா மகன் சேனாபதிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. வேலுமணிக்கு விசா ஏற்பாடு செய்து, தன் வீட்டிலேயே தங்க வைத்து, வேலையும் தேடிக் கொடுத்தவர் அவர். அண்ணன் கிழித்த கோட்டைத் தம்பி தாண்டியதே இல்லை. "ஸ்பெல்லிங் பீ போட்டிக்குப் போற வயசுல புள்ளைங்களுக்குப் படகு ஓட்டச் சொல்லித் தருதா இந்த வசந்தாமணிப் புள்ள?" என்று அவர் கேட்டதும், வேலுமணி வீட்டுக்கு வந்து அதையே கேட்டான். சண்டை முற்றி அக்டோபரில் ஓர் ஒப்பந்தத்தில் நின்றது. கிறிஸ்துமஸ் அன்று சேனாபதி வீட்டில் கயல் எல்லார் முன்னாலும் ஒரு ஒஜிப்வே கதையை அழகாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் வீட்டுப் படிப்பு தொடரும். தோற்றால் ஜனவரியில் இரண்டு பேரும் பள்ளிக்கு. கதை என்று சொன்னதே வசந்தாமணிதான். டிசம்பரில் நியூ ஜெர்சியில் பனி இல்லாமல் போகுமா என்ற தைரியம் அவளுக்கு.

பனி இல்லாமல்தான் போயிற்று. கிறிஸ்துமஸ் அன்று தரை காய்ந்த புல்லும் தெளிந்த வெயிலுமாகக் கிடந்தது. வசந்தாமணி காரில் ஏறும்போதே கயலின் முகத்தைப் பார்த்தாள், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

சேனாபதி வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு என்று ஒரு சம்பிரதாயம் உண்டு. கடை, ஆபீஸ் எல்லாம் மூடிக் கிடக்கும் அந்த ஒரு நாளில் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அங்கே கூடும். பிளாஸ்டிக் மரத்தின் உச்சியில் நட்சத்திரம், அடியில் மருதமலை முருகன் படம், அதைச் சுற்றிப் பனிபோலப் பஞ்சு. ஒவ்வொரு பிள்ளையும் மரத்தடியில் நின்று ஓர் 'ஐட்டம்' செய்தால்தான் பரிசுப் பொட்டலம் கிடைக்கும். அதற்கப்புறம்தான் பிரியாணி. பசியோடு இருக்கிற கூட்டம் எந்த ஐட்டத்துக்கும் கைதட்டும்.

கயலின் முறை வந்தது. அவள் மரத்தடியில் போய் நின்றாள்.

"சொல்லு கண்ணு," என்றார் சேனாபதி.

"ஐ காண்ட், பெரியப்பா. வெளிய ஸ்னோ இல்ல. ஸ்னோ இருந்தாத்தான் சொல்லலாம்."

சிலர் சிரித்தார்கள். சேனாபதி குனிந்து பஞ்சைக் காட்டினார். "இந்தா, பெரியப்பா வூட்டுக்குள்ளயே ஸ்னோ கொட்டி வெச்சிருக்கறேன். சொல்லு."

"தட்ஸ் காட்டன், பெரியப்பா."

இப்போது எல்லாருமே சிரித்தார்கள், சேனாபதியைத் தவிர. "கதை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லோணும். சாக்குச் சொல்லக் கூடாது. வீட்டுல படிச்சா இப்படித்தான்," என்றார் வேலுமணியைப் பார்த்து.

வேலுமணியின் காது சிவந்துவிட்டது. "சொல்லச் சொல்லு அவள," என்றான் வசந்தாமணியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு. "உன் பேச்சத்தான் கேப்பா."

கேட்பாள் என்பதுதான் வசந்தாமணியைக் கொன்றது. ஒரு வார்த்தை போதும். கயல் கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று சொல்லி முடிப்பாள், கூட்டம் கைதட்டும், இரண்டு பிள்ளைகளும் அவளோடு வீட்டிலேயே இருப்பார்கள். எந்த ஒஜிப்வேக்காரர் எடிசனுக்கு வந்து கேட்கப் போகிறார்? மகள் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. வசந்தாமணி எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

"அவ சொல்ல மாட்டாளுங்க மாமா."

"என்னம்மா இது, சின்னப் புள்ளையாட்டம் நீயும்..."

"அந்தச் சனங்ககிட்ட நிலத்தப் புடுங்கியாச்சு, புள்ளைங்களப் புடுங்கியாச்சு, பேசற பேச்சையும் புடுங்கப் பாத்தாங்க. மிச்சம் இருக்கறதுல, பனி கிடந்தா மட்டும் சொல்லுங்கன்னு ஒண்ணே ஒண்ணு கேக்கறாங்க. பிரியாணிக்கு முன்னால நாம கைதட்டறதுக்காக என்ற புள்ள அதையும் மீறோணுமா? மீற மாட்டா. எம் புள்ள மீறலைன்னு எனக்குப் பெருமையா இருக்குதுங்க."

சேனாபதி பொட்டலத்தைத் திரும்பவும் மரத்தடியில் வைத்தார். ஐட்டம் இல்லை, பரிசும் இல்லை. கயல் அழாமல் வந்து உட்கார்ந்தாள். வசந்தாமணி பிரியாணியை வேண்டுமென்றே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

திரும்பும்போது காரில் வேலுமணி வெடித்தான். "ஜனவரில ரெண்டும் ஸ்கூலுக்குப் போகுது. நீ ஒத்துக்கிட்டதுதான்."

"அவ தோத்தாப் போகட்டும்னுதான ஒத்துக்கிட்டேன்? அவ எங்கீங்க தோத்தா?"

"ஊரு முன்னால என் மானத்த வாங்கிட்டா."

"அப்பா, நீங்கதான் பெரியப்பாகிட்ட ப்ராமிஸ் பண்ணீங்க," என்றாள் கயல் பின்சீட்டிலிருந்து. "என்னை யாருமே கேக்கல."

வேலுமணி வீடு வரும்வரை சாலையையே பார்த்து ஓட்டினான்.

வருஷம் பிறந்தது. ஒய்டூகே-யில், அதாவது இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களில் தேதி குழம்பி, வங்கிகள் எல்லாம் கவிழ்ந்துவிடும் என்று ஜெர்சி சிட்டி ஆபீஸில் காவல் இருந்துவிட்டு வேலுமணி வீடு திரும்பினான். ஒன்றும் கவிழவில்லை. பள்ளிகள் திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சேனாபதி போன் செய்தார். பிள்ளைகளைச் சேர்த்தாயிற்றா என்று அவர் கேட்பது அடுக்களையில் நின்ற வசந்தாமணிக்கே கேட்டது. அவள் அடுப்பை அணைத்தாள். அவனிடமிருந்து போனைப் பிடுங்கிப் பேசவும் தயாராகத்தான் இருந்தாள்.

"சேத்தலீங்கண்ணா," என்றான் வேலுமணி.

"ஏன்டா?"

வேலுமணி எழுந்து நின்று பேசினான். "முப்பத்தஞ்சு வயசுல நான் உங்ககிட்ட இன்னும் ஒரு தடவைகூட மாட்டேன்னு சொன்னதில்லீங்கண்ணா. எட்டு வயசுல அவ சொல்றா. அவ எங்க படிக்கறாளோ அங்கியே படிக்கட்டும்."