கடைசி வரிசைத் துண்டுகள்

என் மனைவிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய போர்வை தைக்க வேண்டும் என்றிருந்தது. துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, உள்ளே பஞ்சு வைத்து, கட்டிலை முழுக்க மூடி இரண்டு பக்கமும் தொங்கும் அளவுக்கு. அதைத் தொடங்குவதற்குள் அவள் தைத்துக் கொடுத்த சின்னச் சாமான்கள் எத்தனையோ. கண்ணாடி உறை, பிடிதுணி, மிக்சி மூடி, சில்லறைப் பை, நாற்காலித் திண்டு, யாரோ வீட்டுக் கிளிக்கூண்டுக்கு ஒரு திரை. எல்லாம் அழகாக இருந்தன. எல்லாம் அடுத்தவர் வீட்டில் இருக்கின்றன.

சட்டைக் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. இருபத்திரண்டு வருடம். தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, காலரிலிருந்து கடைசிப் பொத்தான் வரை பார்த்து, தையல் விட்டுப்போன இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். சில மாதங்கள் முழுக்க வெள்ளைச் சட்டையாகவே வரும்.

"நாள் பூரா அடுத்தவங்க தப்பையே தேடிட்டிருக்கேன். வீட்டுக்கு வந்தா நானா ஏதாவது ஒரு தப்புப் பண்ணணும் போல இருக்கு" என்பாள்.

கம்பெனி கழித்துவிடும் சாம்பிள் துணிகளைக் கேட்டு வாங்கி வருவாள். துவைத்து, சாயம் போகிறதா என்று பார்த்து, இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்குவாள். பெரிய போர்வைக்கு என்று. அந்தப் பெட்டி திறக்கும் ஓசை எப்படித்தான் ஊருக்குக் கேட்குமோ தெரியாது.

"அண்ணி, அந்தப் பூப்போட்ட துணி சும்மாதானே கிடக்கு? ஒரு சின்னப் பை தச்சுக் குடுங்களேன். பத்து நிமிஷ வேலைதானே" என்பாள் என் தங்கை.

"பத்து நிமிஷந்தான். அந்தப் பத்து நிமிஷத்தை எங்கேருந்தாவது வாங்கிட்டு வா, தச்சுத் தர்றேன்."

தங்கை சிரிப்பாள். அன்றைக்கே பை தயாராகிவிடும். அதுதான் சிக்கல். முணுமுணுத்துக்கொண்டே மெஷினில் உட்காருவாள். பையின் உள்பக்கத்துக்குக் கோடு போட்ட துணி வைத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றிவிடும். அப்புறம் அதற்குள் ஒரு ரகசியப் பாக்கெட். கோபம் போன இடம் தெரியாது. ஆனால் பூப்போட்ட துணியும் போயிருக்கும். நானும் லேசுப்பட்டவன் இல்லை. கல்லூரி நூலகத்தில் என் மேசை மேல் இருக்கும் ரப்பர் முத்திரைகளுக்கு ஆறு அறை வைத்த பை கேட்டு வாங்கியவன்தான்.

முழங்கால் ஒத்துழைக்காமல் வேலையை விட்ட பிறகுதான் போர்வையைக் கையில் எடுத்தாள். நீளத்துக்குப் பன்னிரண்டு, அகலத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு சதுரங்கள். ஒவ்வொன்றும் ஏழரை இஞ்ச்.

"ஏழரைன்னு ஆரம்பிச்சா உருப்பட்ட மாதிரிதாம்மா" என்றாள் மகள்.

"அரை இஞ்ச் தையலுக்குள்ள போயிடும். ஏழுதான் நிக்கும். வாயை வச்சுக்கிட்டுக் கத்திரிக்கோலை எடு."

தைப்பதற்கு முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அவ்வளவு தரை முன்னறையில் மட்டும்தான் இருந்தது. மேசையை வெளியே தள்ளினோம். ஒன்பது நாள் நானும் மகளும் சுவரோடு சுவராகப் பல்லி மாதிரி நடமாடினோம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பாள். எழுந்து போய் இரண்டு துண்டை இடம் மாற்றுவாள். மறுபடி உட்காருவாள். சாப்பாட்டை மறந்தாள் என்று சொன்னால் மிகை. சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தாள்.

"அந்த அழுக்கு மஞ்சளை எடுத்துடேன், நல்லாவே இல்ல" என்றேன் ஒருநாள்.

"அது நல்லா இருக்கறதுக்காக வைக்கலீங்க. அது பக்கத்துல இருக்கறதாலதான் அந்தப் பச்சை பச்சையாத் தெரியுது. வேணும்னா கையால மறைச்சுப் பாருங்க."

மறைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன். பத்தாம் நாள் முகத்தில் ஒரு நிம்மதியோடு, "முடிஞ்சுது. நாளைலேருந்து தைக்கலாம்" என்றாள்.

மறுநாள் காலை அவளுக்கு வயிற்று வலிக்காக ஒரு பரிசோதனை இருந்தது. மகள் கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் போன சிறிது நேரத்தில் தங்கை போன் செய்தாள், பிள்ளைகளோடு மதியம் வருவதாக. நான்கு வாண்டுகள் அந்தத் தரையை என்ன செய்யும் என்று நினைத்துப் பார்த்தேன். துண்டுகளை எடுத்து வைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். வரிசை வரிசையாகவாவது எடுத்திருக்கலாம். முப்பது வருடம் புத்தகம் அடுக்கிய கை. நிறம் நிறமாகப் பிரித்து, நூலால் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் சீட்டு எழுதிச் செருகினேன். நீலம், முப்பத்தொன்று. பச்சை, இருபத்தாறு. எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

அவள் திரும்பி வந்து, ஒரு செருப்பைக் கழற்றியபடி வாசலிலேயே நின்றாள்.

"எங்கே?"

"பத்திரமா எடுத்து வச்சிருக்கேன். நிறத்துக்கு ஒரு கட்டு. தேட சுலபமா இருக்கும்ல."

நீலக் கட்டைப் பிரித்து, சீட்டைப் படித்து, மறுபடி கட்டினாள். கத்தியிருந்தால் தேவலை.

"நான் குடும்பம் குடும்பமா உக்கார வச்சிருந்தேன். நீங்க வகுப்பு பிரிச்சு பெஞ்சுல ஏத்திட்டீங்க."

"போன்ல ஒரு போட்டோ எடுத்திருக்கலாமேம்மா" என்றாள் மகள்.

"தச்சு முடிச்சதும் எடுக்கலாம்னு இருந்தேன்."

தங்கை அன்றைக்கு வரவே இல்லை. கடைசிப் பிள்ளைக்குச் சளியாம்.

பரிசோதனை முடிவு அந்த வாரக் கடைசியில் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் நாட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள், போய் வந்து படுத்திருக்கும் நாள், எழுந்து உட்காரும் நாள் என்று மூன்று வகையாகிவிட்டன. எழுந்து உட்காரும் நாளில் கட்டுகளைப் பிரிப்பாள். இந்த முறை முழுவதையும் பரப்பவில்லை. ஒரு வரிசை மனதுக்குப் பிடித்ததும் உடனே தைத்து, முந்தையதோடு இணைத்துவிடுவாள். என்னை வைத்துக்கொண்டு வேறு எப்படிச் செய்வது? பதினாலு மாதத்தில் பதினோரு வரிசை. அந்தக் காலத்திலும் நர்ஸ் ஒருத்தி பேனா வைக்க ஒரு பை கேட்டாள். அதையும் தைத்தாள், இரண்டு பாக்கெட் வைத்து.

கடைசி வரிசைக்குரிய பன்னிரண்டு துண்டுகளும் அமையவே இல்லை. படுக்கையிலேயே மடியில் பலகை வைத்து அடுக்கினாள், கலைத்தாள்.

"முன்னாடி வச்ச மாதிரி வேண்டாம். புதுசா ஏதாவது வையேன்" என்றேன்.

"புதுசாத்தான் வைக்கப் பாக்குறேன். பழசு குறுக்க வந்து நிக்குது. ஆனா என்ன பழசுன்னும் சரியா ஞாபகம் வரலை."

அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் அந்தப் பன்னிரண்டையும் நானே ஒரு வரிசையாக வைத்து, எண் போட்டு, தெருமுனை டெய்லரிடம் போர்வையோடு கொண்டுபோனேன். மேல் பக்கத்தை மட்டும் முடித்துக் கொடுங்கள், பஞ்சும் அடித்துணியும் அப்புறம் என்றேன்.

"எண் எதுக்கு சார்? எப்படி வச்சாலும் சதுரம்தானே" என்றார்.

"எண்படியே தைங்க."

அரைமணியில் தைத்துக் கொடுத்தார். மகள் கட்டிலில் விரித்து, சுருக்கம் நீவி, "நல்லாத்தான்பா இருக்கு" என்றாள்.

நல்லா இல்லை. கடைசி வரிசையில் மூன்றாவது துண்டு ஒரு பழுப்பு. அதற்கு மேலே, அவள் தைத்த பதினோராவது வரிசையில், ஒரு பச்சை. அந்தப் பச்சை செத்துக் கிடந்தது. கையால் பழுப்பை மறைத்தேன். பச்சை எழுந்து உட்கார்ந்தது. கையை எடுத்தேன். மறுபடி படுத்துவிட்டது. அவள் கையால் மறைத்துப் பார்க்கச் சொன்னபோது தெரியாதது, இப்போது யாரும் காட்டாமலே தெரிகிறது. யாருக்கு என்ன பிரயோசனம்.

பாதி பிளேடை எடுத்து வந்தேன்.

"என்னப்பா பண்றீங்க?"

"இந்த வரிசையைப் பிரிக்கிறேன்."

"எங்க வைக்கணும்னு தெரியுமா?"

"தெரியாது. இங்க வைக்கக் கூடாது."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டிலின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து துணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இழுத்துப் பிடிச்சுக்கிறேன். நூலை மட்டும் வெட்டுங்க. துணியில படாம."

டெய்லர் மிக நெருக்கமாகத் தைத்திருந்தார். வெளிச்சம் குறைந்து நூல் கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை வெட்டினோம். நான்கு துண்டுதான் கழன்றிருந்தது.