வயர் இல்லாத பேஸ் கிட்டார்

ஒன்பது வருடம், கீழ் சுரத்தில் உறுமுகிற பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் நின்றிருக்கிறேன். வாசித்தேன் என்று சொல்லவில்லை, நின்றேன் என்றுதான் சொல்கிறேன். என் கிட்டாரிலிருந்து எங்கேயும் ஒரு வயர் போகாது; வயர் இல்லாமல் அதன் சத்தம் யாருக்கும் கேட்காது. புதுக்கோட்டையைச் சுற்றி எந்தக் காதுகுத்து, எந்தக் கல்யாண வரவேற்பு என்றாலும் எங்கள் கச்சேரி இப்படித்தான். பாட்டுக்கு வேண்டிய இசை மொத்தமும் லேப்டாப்பில் ஓடும். பாடுகிறவர்களுக்கு மட்டும் மைக் உண்டு. மற்றவர்கள் வாசிப்பதுபோலக் கையை ஆட்ட வேண்டும். மேடையில் எட்டுத் தலை தெரிந்தால்தான் விழா வீட்டுக்காரர்களுக்குத் திருப்தி. அந்த எட்டில் நான் ஒரு தலை.

குழுவை நடத்துகிற அண்ணன் கீபோர்டுக்காரர். லேப்டாப்பும் அவர் கையில்தான். சேர்ந்த முதல் நாளே வயரை எங்கே செருகுவது என்று அவரிடம் கேட்டேன்.

"ஒனக்கு எதுக்கும்மா ஒயரு? நீ நின்னாப் போதும்" என்றார்.

பொம்பளைப் பிள்ளை கிட்டாரோடு நின்றால் மேடை எடுப்பாக இருக்குமாம். கல்லூரி நாளில் கீரனூரிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போய்ப் போய், விரல் நுனி காய்த்துப்போகக் கற்றுக்கொண்டது எடுப்பாக நிற்பதற்கா? அன்றைக்கே இறங்கிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கீரனூரில் பேஸ் வாசிக்கிற ஒருத்தியை வேறு யார் கூப்பிடப் போகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அந்தக் கோபம் முதலில் என் மேல்தான்.

பகலில் எனக்குத் திருச்சியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. போன வருடம் ஒருநாள் காலை பஸ்ஸில் போனில் ஒரு பேஸ் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும் தானாக வேறொரு பாட்டு ஓடியது. எடுத்த எடுப்பில் பேஸ்தான் வந்தது. மெட்டையே அது தூக்கிக்கொண்டு நடந்தது, கிட்டார் ஓரமாக நின்று கீறிக்கொண்டிருந்தது. இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.

அந்த மாதிரி இசைக்குப் போஸ்ட் பங்க் என்று பெயராம். தேடித் தேடிப் படித்தேன். எழுபதுகளில் இங்கிலாந்தில் பங்க் என்று ஒரு கூச்சல் இசை கிளம்பியது. ரெண்டு வருடத்துக்குள் அதுவும் ஒரே மாதிரி யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அந்தக் கூச்சலில் தைரியம் வந்தவர்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்ததில் பிறந்தது இது. ஆலைகளை மூடிக்கொண்டிருந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் அதில் நிறையப் பேர். ஜமைக்காவிலிருந்து குடிவந்தவர்களின் பாட்டில் பேஸ் நெஞ்சில் வந்து இடிப்பதைக் கேட்டு அதை முன்னால் நிறுத்தினார்கள். வாசிக்கத் தெரியாமலே மேடையேறி மேடையிலேயே கற்றுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். சிலர் ரெக்கார்டையும் தாங்களே போட்டு, அதன் அட்டை உறையையும் தாங்களே மடித்து ஒட்டினார்கள்.

அதில் ஒரு குழுவின் பேஸ்காரருக்கு வாய்த்தது மட்டமான ஸ்பீக்கர். பக்கத்துக் கிட்டாரின் சத்தத்தில் தான் வாசிப்பது தனக்கே கேட்கவில்லை. அதனால் கீழ் சுரங்களை விட்டுவிட்டு விரலை மேல் சுரங்களுக்குக் கொண்டுபோனார். அதுவே அந்தக் குழுவின் அடையாளமாகிவிட்டது. இதைப் படித்துவிட்டுக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அந்த ஆளுக்கு மட்டமாகவாவது ஒன்று இருந்ததே.

இன்னொரு குழுவை டிவிக்குக் கூப்பிட்டு, ரெக்கார்டு ஓடும், நீங்கள் வாயசைத்தால் போதும் என்றார்களாம். பாடகர் வாயசைக்கவில்லை. கூட்டத்துக்குள் இறங்கி, பார்க்க வந்தவர்களை இழுத்து மேடையில் ஏற்றிவிட்டார். நமக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம் இல்லையா?

நின்றேன். நார்த்தாமலையில் ஒரு வரவேற்பு. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. யாராவது கேட்பார்கள், சண்டை வரும், நாலு வார்த்தை நறுக்கென்று சொல்லலாம் என்று மனசுக்குள் வசனம் எல்லாம் தயார். அண்ணன் லேப்டாப்பை விட்டுத் தலை நிமிரவே இல்லை. கச்சேரி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் நேரே என்னிடம் வந்தார்.

"பேஸு சூப்பரா இருந்துச்சுங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் கை வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான் என்றால் நான் எதற்கு? மறுநாளே திருச்சியில் பத்தடி வயர் ஒன்று வாங்கினேன்.

அடுத்த கச்சேரி ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு காதுகுத்து. மதியம், பந்தலுக்குள் ஒரு பக்கம் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் டீ குடிக்கப் போன நேரம் மைக்செட்காரரிடம் கெஞ்சி என் வயருக்கு ஓர் இடம் வாங்கினேன். பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர் கொண்டுவரவில்லை, கூம்பு ஸ்பீக்கர்தான், அதில் பேஸ் எடுக்காது என்று அவர் முதலிலேயே சொன்னார். இருந்த பரபரப்பில் அது என் காதில் ஏறவில்லை.

மூன்றாவது பாட்டின் நடுவில் லேப்டாப் உறைந்துவிட்டது. இசை பொட்டென்று நின்றது. மேடையில் எல்லாக் கைகளும் ஆடிக்கொண்டிருக்கின்றன, ஒன்றிலிருந்தும் சத்தம் இல்லை. பந்தியில் சோற்றுக் கையோடு சிரித்தார்கள். நான் நிறுத்தாமல் வாசித்தேன். கேட்கவில்லை. இன்னும் அழுத்தி வாசித்தேன், அப்போதும் கேட்கவில்லை. கீழ் சுரம் முழுவதையும் கூம்பு விழுங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த மட்டமான ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது. விரலை மேலே கொண்டுபோனேன்.

கேட்டது. நாலு கூம்பிலும் தெருக்கோடி வரைக்கும் என் கை கேட்டது. பாடுகிற அக்கா திரும்பிப் பார்த்துவிட்டுப் பல்லவியைப் பிடித்தாள். ரெண்டு பேருமாக ஒரு சரணம் முழுக்கப் போனோம். பந்தியில் சிரிப்பு நின்றிருந்தது. அதற்குள் லேப்டாப் உயிர் பெற, அண்ணன் எழுந்து வந்து என் வயரைப் பிடுங்கிப் போட்டார்.

பந்தலுக்குப் பின்னால் வைத்துக் கத்தினார். மானத்தை வாங்கிவிட்டேனாம், என் சத்தத்தைக் கேட்டு செட்டு ரிப்பேர் என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்களாம். கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"அடுத்த ப்ரோக்ராமுக்கு வந்துரு. ஒயர மட்டும் கொண்டாராத."

"ஒரு ஸ்டாண்டு வாங்கிக்கங்கண்ணே, என்னவிட அது நல்லா நிக்கும்" என்றேன். வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நிஜமாகவே வாங்கிவிட்டார். மேடையில் இப்போது ஒரு கிட்டார் ஸ்டாண்டில் நிற்கிறதாம், பாடுகிற அக்கா போனில் சொன்னாள். பேஸ்காரி எங்கே என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லையாம். கேட்டதும் வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது.

ஒரு பழைய ஸ்பீக்கர் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலைத் திறந்துவைத்து, வயரைச் செருகி, எனக்குப் பிடித்ததை வாசிக்கிறேன். போன வாரம் எதிர்வீட்டுக்காரர் சிடுசிடுவென்று வந்து வாசலில் நின்றார்.

"என்னங்க இது, டம்மு டம்முன்னு? அங்கிட்டு டிவி சத்தமே கேக்கல."

ஒன்பது வருடத்தில் என் வாசிப்பைப் பற்றி ஒரு மனிதர் சொன்ன முதல் உண்மையான வார்த்தை அது. உள்ளே வாங்க, டீ சாப்பிடலாம் என்றேன்.