பிரபு வீட்டுப் பேத்தி

எனக்கு ஒன்பது வயதாக இருந்த கோடை விடுமுறையில் ஆறு கிழமை நான் ஒரு கோட்டைக்குள் ஒளிந்திருந்தேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. ரொறன்ரோவில் எங்கே கோட்டை என்று கேட்கிறார்கள். ஏரிக்கரை மேட்டின் உச்சியில், சாம்பல் நிறக் கல்லால் கட்டப்பட்டு, மூலையில் ஒரு வட்டக் கோபுரத்தோடு அது நின்றது. இன்னும் நிற்கிறது. அம்மா அங்கே துப்புரவு வேலை செய்தார்.

மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடத்திலேயே குடியிருந்த ஓர் அன்ரிதான் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னைப் பார்த்துக்கொள்வார். அந்த வருடம் அவர்கள் அஜக்ஸில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். அப்பாவுக்குப் பகலில் தொழிற்சாலை. வேறு வழி தெரியாமல் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் ஏறினார். பிள்ளைகளை வேலைக்குக் கொண்டுவரக்கூடாது என்பது அங்கே விதி. ஒருத்தி இதற்கு முதல் அப்படிக் கொண்டுவந்து பிடிபட்டு, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டாள் என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். அதனால் பின்கதவால் நுழைந்து, யாரும் பார்க்க முதல் இரண்டாம் மாடியில் மேசைவிரிப்புகள் அடுக்கி வைக்கும் ஒடுங்கிய அறைக்குள் என்னை விட்டுவிடுவார்.

"சத்தம் காட்டாமல் இதுக்குள்ளையே இரு பிள்ளை. ஆரும் வந்தால் வாய் திறக்காதை. நான் இடைக்கிடை வந்து பாக்கிறன்."

நான் இருந்தேன், முதல் இரண்டு நாட்கள். மூன்றாம் நாளிலிருந்து வீடு முழுவதையும் அறிந்துகொண்டேன்.

முன்வாசலில் தொங்கிய பலகையில் அதன் சரித்திரம் எழுதப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் ஒரு பிரபு குடும்பம். அவர்களுடைய வழக்கப்படி கோட்டையும் காணியும் மூத்த மகனுக்கே போய்விடும். இரண்டாவது மகனுக்குப் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் மட்டும் மிஞ்சும். அப்படி மிஞ்சிய பட்டத்தோடு கனடாவுக்கு வந்த ஒருவர், மரவியாபாரத்தில் பணம் சேர்த்து, தகப்பனின் கோட்டையை நினைவில் வைத்து அதைப் போலவே ஒன்றை அரைவாசி அளவில் கட்டினார். கோபுரத்தில் அம்பு எய்வதற்கு ஒடுங்கிய துளைகள்கூட வைத்தார். அவருடன் சண்டைக்கு யாரும் வரவில்லை. அந்தத் துளைகளால் ஏரிக்காற்று மட்டும் உள்ளே வந்து தரையில் தூசியைக் கொட்டியது. அதைக் கூட்டுவது அம்மாவின் வேலை. மகனுடைய காலத்தில் பணம் கரைந்து, குடும்பம் இங்கிலாந்துக்கே திரும்பிப் போனது. வீடு பல கை மாறி, கடைசியில் கலியாணங்களுக்கு வாடகைக்கு விடும் மண்டபமானது. எங்கள் ஆட்களும் எடுப்பார்கள். சுவரில் மாட்டியிருந்த மான் தலைகளுக்குக் கீழே மணவறை சோடித்து, நாதஸ்வரம் வாசிப்பார்கள்.

பலகையில் எழுதாத ஒரு விஷயமும் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த வீட்டுக்குள் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று எல்லோரும் பார்ப்பது: பத்துப் பேர் பக்கம் பக்கமாக இறங்கக்கூடிய ஓக் மரப் படிக்கட்டு, சிவப்புக் கம்பளம், நிறக் கண்ணாடி யன்னல்கள், ஏரியைப் பார்த்த படுக்கையறைகள். மற்றது சுவர்களுக்குப் பின்னால் இருந்தது. அங்கே ஒருவர் மட்டும் ஏறக்கூடிய சுழல்படிகள், குசினியிலிருந்து சாப்பாட்டை மேலே இழுக்கும் ஒரு மரப்பெட்டி, வெளிச்சமில்லாத நடைகள். இந்த இரண்டு வீடுகளையும் இணைத்த கதவுகளிலும் சுவரில் ஒட்டிய அதே பூத்தாளையே ஒட்டியிருந்தார்கள். தள்ள வேண்டிய இடம் தெரியாதவருக்கு அது வெறும் சுவர். அம்மா தூசி தட்டும்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். நான் அம்மாவிடமிருந்து அறிந்துகொண்டேன்.

அந்தக் கோடையில் பூட்டிக் கிடந்த சில அறைகளைத் திருத்திப் பார்வையாளர்களுக்குத் திறக்க ஆயத்தம் நடந்தது. பொறுப்பாக இருந்த பெண்மணியை அம்மா மனேஜர் என்று சொல்லுவார். சாவிக்கொத்துச் சத்தத்தை வைத்தே அவர் எந்த மாடியில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். பிரபு குடும்பத்தை அறிந்தவர்கள் யாரும் இருந்தால் தொடர்புகொள்ளச் சொல்லி அவர் பத்திரிகையில் அறிவித்தல் கொடுத்திருந்தார். எண்பது வயதளவில் ஒரு மூதாட்டி தொலைபேசியில் அழைத்தார். பன்னிரண்டு வயது வரைக்கும் தான் அந்த வீட்டில்தான் வாழ்ந்ததாகச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை மனேஜர் தானே முடிவு செய்தார். பிரபுவின் பேத்தி வருகிறார் என்று எல்லோருக்கும் அறிவித்து, பூக்களுக்குச் சொல்லி, பித்தளைப் பிடிகளை இரண்டு தரம் மினுக்கச் சொன்னார்.

மூதாட்டி வந்த அன்று என்னை அசையவே கூடாது என்று அம்மா எச்சரித்திருந்தார். நான் மேசைவிரிப்புக் குவியலில் சாய்ந்து மீன் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெளியே நடையில் மனேஜரின் குரல் கேட்டது. பூ வண்டி வந்துவிட்டது, ஐந்து நிமிடம் மன்னிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். சாவிச் சத்தம் தேய்ந்தது. அடுத்த கணம் எனக்கு முன்னால் இருந்த சுவர் திறந்து, நீலச் சட்டை போட்ட ஒரு மூதாட்டி உள்ளே வந்தார். அவர் கதவைத் தேடித் தடவவில்லை. எங்கள் வீட்டு லைட் சுவிட்சை நான் போடுவதுபோல, பாராமலே தள்ளியிருந்தார்.

என்னைக் கண்டு அவர் திடுக்கிடவில்லை. ஒளிந்திருக்கிறாயா என்று கேட்டார். ஆம் என்றேன். யாரிடமிருந்து என்று கேட்டார். மனேஜரிடமிருந்து என்றேன். நல்ல இடம் பார்த்திருக்கிறாய், மாரியில் அந்தச் சுவருக்குப் பின்னால் போகும் குழாய் சூடாக இருக்கும் என்றார். பிறகு, மேலே போகவேண்டும், கையைப் பிடிப்பாயா என்று கேட்டார். வாய் திறக்கக்கூடாது என்பதை ஏற்கெனவே மறந்திருந்தேன். ஒரு பிரபுவின் பேத்தி என்னிடம் உதவி கேட்கிறார் என்ற பெருமையில் இப்போது அசையக்கூடாது என்பதையும் மறந்தேன்.

சுழல்படியில் நான் முன்னால் போனேன். ஏழாவது படியில் கால் வைக்காதே, அது கத்தும் என்றார். ஆறு கிழமையில் அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் தெரியாதவள்போல் தாண்டினேன். உச்சியில், கூரைக்கு நேரே கீழே, சரிந்த முகட்டோடு ஒரு சின்ன அறை இருந்தது. யன்னலால் ஏரி தெரியாது. வாகனங்கள் நிறுத்தும் முற்றம்தான் தெரியும். அம்மா அதில் வாளிகளையும் துடைப்பங்களையும் வைத்திருந்தார். மூதாட்டி ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து, முகட்டைப் பார்த்தார். மரத்தில் நான்கைந்து துருப்பிடித்த கொளுக்கிகள் இருந்தன. அவற்றில் ஒரு சீலை தொங்கும், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் அம்மா என்றார்.

இதுதானா விளையாட்டு அறை என்று கேட்டேன். இல்லை, படுக்கிற அறை என்றார். தன் தாய் விடிய ஐந்து மணிக்கு எழும்பி, தன்னை எழுப்பாமல் அந்தப் படியால் இறங்கிப்போய் அடுப்பு மூட்டுவார் என்றும், ஏழாவது படி கத்தினால் தாய் இன்றைக்கு நல்லாய்க் களைத்துப்போயிருக்கிறார் என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். பிரபு வீட்டு அம்மாவும் விடிய எழும்பிச் சமைப்பாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம் என்பதால் மேலே கேட்கவில்லை.

கீழே மனேஜர் அவரைப் பெயர் சொல்லித் தேடத் தொடங்கினார். அம்மாவின் வேலை போகப்போகிறது என்று அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அதைச் சொல்லியும்விட்டேன். மூதாட்டி கைப்பையிலிருந்து ஒரு லேஞ்சியை எடுத்து என் முகத்தைத் துடைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, பூத்தாள் கதவால் முன்வீட்டுக்கு வந்தார். அங்கே வந்ததும் அவருக்குத் தடுமாற்றம் வந்தது. பெரிய படிக்கட்டு எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். அதன் தலையில் சிறிது நேரம் நின்றார். பிறகு கம்பளம் முடிந்து வெறும் மரம் தெரிகிற ஓரத்தால் இறங்கத் தொடங்கினார். வழுக்கும், நடுவாலே வாருங்கள் என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். நடுவாலேயா என்று கேட்டார். பிறகு வந்தார்.

அடியில் மனேஜர் நின்றார். அவருக்குப் பின்னால், பித்தளை துடைக்கும் துணியோடு அம்மா. அம்மாவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மனேஜர் என்னைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூதாட்டி முந்திக்கொண்டார். படிகளில் கைபிடிக்கத் தனக்கு ஒரு பிள்ளை வேண்டியிருந்தது, தான்தான் கேட்டது, இனிமேல் வரும்போதும் இவளே வேண்டும் என்றார். பிரபுவின் பேத்தியோடு எப்படி வாதாடுவது? மனேஜர் சிரித்தார்.

சாப்பாட்டு மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். அம்மாதான் தட்டத்தைக் கொண்டுபோனார். அம்மா கிட்டப் போனதும் மூதாட்டி கதிரையிலிருந்து பாதி எழும்பி, தட்டத்தை வாங்கக் கை நீட்டினார். பிறகு நினைவு வந்தவர்போல இருந்துகொண்டார். குடித்து முடிந்ததும் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மேசையில் விழுந்த கேக் துகள்களைக் கையால் கூட்டி மற்றக் கைக்குள் எடுத்தார். மனேஜர் கோபுரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தார். துகள்களைப் போடத் தட்டத்தை அவருக்குக் கிட்டப் பிடித்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, மேலே என்ன கதைத்தீர்கள் என்று அம்மா கேட்டார். சீலையையும் அடுப்பையும் கத்தும் படியையும் நான் ஒன்றும் விடாமல் சொன்னேன். அம்மாவின் கை சோற்றுக் கோப்பைக்குள் நின்றது. சோறு ஆறும், சாப்பிடு என்று மட்டும் சொன்னார்.

மூதாட்டி பிறகு வரவில்லை. அடுத்த கிழமை மனேஜர் புதிய பலகை ஒன்றுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு எங்களிடம் வந்தார். அந்தச் சீமாட்டி படுத்த அறை எது, பிள்ளையிடம் ஏதாவது காட்டினாரா என்று கேட்டார். எனக்கு அது தெரியும். நான் வாயைத் திறந்தேன். பொதுவாக வெளியில் யாரும் ஆங்கிலத்தில் பேசினால் அம்மா நான் மொழிபெயர்க்கும் வரைக்கும் காத்திருப்பார். அன்று காத்திருக்கவில்லை. என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் சொந்த ஆங்கிலத்தில், முதலாம் மாடி, ஏரிப் பக்கம், நீல அறை என்றார். மனேஜர் நன்றி சொல்லி எழுதிக்கொண்டார். போன வருடம் ஒரு கலியாணத்துக்குப் போனபோது பார்த்தேன், நீல அறையின் வாசலில் அந்தப் பலகை இன்னும் தொங்குகிறது. பிரபுவின் பேத்தி தன் சிறுபராயத்தை இங்கே கழித்தார் என்று பொன்னிற எழுத்தில்.

பொய் சொன்னால் அம்மா சும்மா விடமாட்டார். அதனால் அம்மா சொன்னது பொய்யாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது சொன்னேன், "அம்மா, அவ படுத்தது மேலை, கூரைக்குக் கீழை. நீங்கள் பிழையாச் சொல்லிப்போட்டீங்கள்."

அம்மா யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு அந்த வீட்டிலை திசை பிடிபடுறேல்லை பிள்ளை."

"நான் நாளைக்குப் போய்ச் சரியாச் சொல்லுறன்."

"வேண்டாம். சொல்லோணுமெண்டால் அவ சொல்லுவா."

அம்மாவை நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது. அவ்வளவு பெரிய வீட்டை நாள் முழுக்கத் துடைக்கிறவருக்கு அதற்குள் வழி தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, கோட்டையின் படத்தை மாடி மாடியாகக் கீறினேன். பெரிய படிக்கட்டை நீல நிறத்திலும், சுழல்படியைச் சிவப்பிலும் போட்டு, அம்மா வழி தவறாமல் இருக்க அம்புக்குறிகளும் வைத்தேன். கூரைக்குக் கீழே இருந்த சின்னப் பெட்டிக்குள் எழுத்துக் கொள்ளாததால் ஒரு கோடு இழுத்து, 'பிரபு வீட்டுப் பேத்தியின் அறை' என்று பக்கத்தில் எழுதினேன். காலையில் அம்மா பார்க்க முதல் அதை மடித்து அவருடைய கைப்பைக்குள் வைத்தேன்.